ஒன்பது ஆண்டுகள் ஒரே குழுவில்: எங்கள் பேச்சுமொழி செய்த வேலை

திருகோணமலையில் ஒன்றாகப் படித்த நாங்கள் 2016 இல் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவை ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் பயன்படுத்தியிருக்கிறேன். நகரத்தவர்களும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஊர்க்காரர்களும் கனடாவில் குடியேறியவர்களும் இதில் உள்ளனர். செயலியின் வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்களை இத்தனை காலம் சேர்த்து வைத்தவை நாங்கள் எழுதிய சொற்களே என்று உறுதியாக நம்புவதால், அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினோம். பாலமும் பலமும் பழமும் ஒன்றுபோலத் தெரிந்ததால் ஒருவர்பின் ஒருவராகத் தமிழ் எழுத்துக்கு மாறினோம். பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவின் விசையமைப்பில் பழகிய என் விரல்களுக்குக் கைப்பேசியின் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பழக ஒரு மாதமாயிற்று. அது இன்றும் 'கதைக்கிறன்' என்பதைப் பிழையென்று காட்டுவது எனக்கு வருத்தமே.

தொல்காப்பியம் சுட்டெழுத்துகளை அ, இ, உ என மூன்றாகக் கொள்கிறது. அவற்றுள் உகரச் சுட்டு எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்தவரின் எழுத்தில் இன்றும் வாழ்கிறது. 'உது பிழை' என்று ஒருவர் எழுதினால், நீங்கள் சற்றுமுன் அனுப்பியது பிழை என்று பொருள். 'இது', 'அது' இரண்டாலும் அந்த இடத்தை அவ்வளவு துல்லியமாகச் சுட்ட முடிவதில்லை.

'கச்சான்' அப்படி எளிதாக இருக்கவில்லை. எங்களுக்கு அது நிலக்கடலை. ஆண்டின் நடுமாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும் அதுவே. 'கச்சான் பலமாக அடிக்கிறது' என்று ஒருவர் எழுதியபோது, ஒரு நண்பரின் கனடாவில் பிறந்த மகளுக்கு அது விளங்கவில்லை. அவளுக்காக மூவர் காற்றுகளின் பெயர்களை விரிவாக எழுதினர். அன்று முதல் அவளும் குழுவில் கேள்விகள் கேட்கிறாள்.

இரண்டாம் ஆண்டில், அனைவரும் எழுத்துத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஒரு விதி வகுத்தோம். நிர்வாகிகளுள் ஒருவனாக நானும் அதை ஆதரித்தேன். சில வாரங்களில் கிண்ணியா, மூதூர் நண்பர்கள் கட்டைவிரல் உயர்த்திய குறிப்படங்களை மட்டும் அனுப்பத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் ஒருநாள், 'தந்தையார் சுகவீனமுற்றுள்ளார்' என்று எழுதினார். அறிவித்தல் ஒன்றைப் படித்ததுபோல எல்லோரும் பிரார்த்திப்பதாகப் பதில் எழுதிவிட்டு நகர்ந்தோம்; யாரும் தொலைபேசியில்கூட அழைக்கவில்லை. நான்கு மாதங்களில் அந்த விதியை நீக்கினோம். அதன்பின் அவரே ஓரிரவு, 'வாப்பாக்கு ஏலாமக் கிடக்கு' என்று எழுதியபோது, பத்து நிமிடங்களுக்குள் நகரிலிருந்து மூவர் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் புறப்பட்டுவிட்டனர்.