டி.ஏ.வில் இருக்கும்போது ஊர் மாறினால்: விலகுவதா, மாற்றல் கேட்பதா, வந்து போவதா?

கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு ராலியில் ஓடி, மெடிக்கல் தேறி, டெரிடோரியல் ஆர்மி (டி.ஏ.) என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்த பையன்கள் சங்கரன்கோவில், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் இருக்கிறார்கள். இது முழுநேர வேலை இல்லை என்று சேரும்போதே சொல்வார்கள். யூனிபாரம் கனவில் இருப்பவன் காதில் அது விழாது. எம்பாடி ஆகி, அதாவது முழுநேரப் படைப்பணிக்கு அழைக்கப்பட்டு, இருக்கும்வரை ரெகுலர் சிப்பாய்க்கு உண்டான சம்பளம், ரேஷன் எல்லாம் உண்டு. அந்தப் பணி முடிந்து டிஸ்எம்பாடி ஆகி வீட்டுக்கு வந்தால், வருடாந்தரப் பயிற்சிக்குப் போகும் நாட்களைத் தவிர ஒரு பைசா கிடையாது. அப்போதுதான் ஒருவன் சென்னைக்குப் போகிறான், ஒருவன் பெங்களூரில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆகிறான், கடையநல்லூர்க்காரன் துபாய் விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறான். அப்புறம் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பெயரை வெட்டிவிடச் சொல்லலாமா?

நான்கு வழிகள் இருக்கின்றன. காலம் முடியுமுன்னே டிஸ்சார்ஜ் கேட்பது, புது ஊருக்குப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றல் கேட்பது, இருந்த யூனிட்டிலேயே இருந்துகொண்டு பயிற்சிக்கு மட்டும் வந்து போவது, நான்காவதாக ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது. பலரும் யோசிக்காமல் நான்காவதில் விழுகிறார்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் தூரக் கணக்கு. ஊர் மாறியதே விலகுவதற்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து யூனிட் இருக்கும் கோயம்புத்தூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆக பெங்களூருக்குக் குடிபோனவன் யூனிட்டை விட்டுத் தள்ளிப் போகவே இல்லை. நாகர்கோவில் - கோயம்புத்தூர் ரயிலுக்குப் பதிலாக வேறு ரயிலில் ஏறுகிறான், அவ்வளவுதான். சென்னை கொஞ்சம் அதிகம், 500 கிலோமீட்டர் வரும். வருடத்துக்கு ஒருமுறை போய் வருகிறவனுக்கு அதுவும் பெரிய தடை இல்லை. இந்தியாவுக்குள் ஊர் மாறியவனுக்கு உண்மையான சிக்கல் லீவுதான். காலாட்படை யூனிட் என்றால் வருடத்தில் இரண்டு மாதம் வரை பயிற்சி. எந்தக் கடை முதலாளி இரண்டு மாதம் விடுவார்?

வந்து போகும் வழிக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1948-ஆம் ஆண்டு டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஏ பிரிவு, படைப்பணிக்குப் போனவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்கிறது. மறுத்தால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடும் கட்டச் சொல்லலாம். அரசு வேலை, வங்கி, பெரிய கம்பெனி என்றால் இந்தக் காகிதத்தைக் காட்டி லீவு வாங்கிவிடலாம். தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கிற பையன் இந்தச் சட்டப்பிரிவைச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. துபாய், குவைத் முதலாளிக்கோ இந்தியச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது மாற்றல். கேட்க அழகாக இருக்கும், கிடைப்பது கடினம். நம் பக்கத்துக்கு எட்டக்கூடிய காலாட்படை பட்டாலியன்கள் என்று பார்த்தால் கோயம்புத்தூரில் 110 (மெட்ராஸ்), திருச்சியில் 117 (கார்ட்ஸ்), கோழிக்கோட்டில் 122 (மெட்ராஸ்). 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது மீட்புக்கு ஓடியவர்களில் அந்தக் கோழிக்கோட்டுக்காரர்களும் உண்டு. மாற்றலுக்கு அங்கே காலியிடம் வேண்டும், உங்கள் டிரேடு (படையில் உங்கள் வேலைப் பிரிவு) பொருந்த வேண்டும், இந்த யூனிட் விட வேண்டும், அந்த யூனிட் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னைக்குப் போனவன் திருச்சிக்கு மாற்றல் வாங்கினால் பயணம் கொஞ்சம் குறையும். ஆனால் லீவுச் சிக்கல் அப்படியே இருக்கும். அதனால் என் கணக்கில் இது மூன்றாம் இடம். சொந்தத் தொழில் செய்கிறவர், கேரளத்தில் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டவர் போன்றவர்களுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

சரி, டிஸ்சார்ஜ். சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட காலம் முடிந்தால் டிஸ்சார்ஜ் வாங்குவது உங்கள் உரிமை. அதற்கு முன்னால் கேட்டால் அது உரிமை இல்லை. விதிகளில் சொன்ன அதிகாரி, சொன்ன நிபந்தனைப்படி, கொடுத்தால் உண்டு. இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது: படைப்பணியில் இருக்கும் நேரத்தில் அந்தப் பணி முடியும்வரை டிஸ்சார்ஜ் கேட்டு நிற்க முடியாது. அதாவது எம்பாடி ஆகி ஜம்முவிலோ வடகிழக்கிலோ நிற்கும்போது, "வீட்டை மதுரைக்கு மாற்றிவிட்டோம்" என்று விண்ணப்பம் எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இந்த விதி ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2025 மே 6-ஆம் தேதி மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. டி.ஏ.வின் எந்த அதிகாரியையும் எந்தச் சிப்பாயையும் அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம். இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்யவும் ஒப்புதல். அந்த ஆணை 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். ஆகையால் டிஸ்சார்ஜ் கேட்பவர் வீட்டில் இருக்கும் காலத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அழைப்பு வந்த பிறகு நீட்டும் விண்ணப்பத்தை எந்தக் கமாண்டிங் ஆபீசரும் வேறு கண்ணோடுதான் பார்ப்பார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது பணக் கணக்கு. முடிவெடுக்க இதுதான் முக்கியம் என்பேன். சிப்பாய்க்கும் ஜே.சி.ஓ.வுக்கும் (சுபேதார் போன்ற இடைநிலைப் பதவி) பென்ஷன் கிடைக்க மொத்தம் 15 வருட எம்பாடி சேவை வேண்டும், அதிகாரிக்கு 20. இடையில் வீட்டில் இருந்த காலம் கணக்கில் சேராது. ஆனால் விட்டு விட்டுச் செய்த எம்பாடி சேவையெல்லாம் கூட்டிக்கொள்ளப்படும். சேர்ந்து பத்து வருடம் ஆனவர்கூட எம்பாடி கணக்கு நான்கு வருடம்தான் என்று சொல்வதைக் கேட்கலாம். அவர் மீதிப் பதினொன்றை எட்ட எத்தனை அழைப்பு வர வேண்டும்! அவருக்கு துபாய் வேலை கையில் இருந்தால் தாராளமாக டிஸ்சார்ஜ் கேட்கலாம். எம்பாடி கணக்கே 11, 12 வருடம் ஏறியவர் ஊர் மாறினேன் என்று விலகுவது பெரிய நஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து போவதே அவருக்கு லாபம்.

நம் ஊரில் ஒரு தப்பான நம்பிக்கை வேறு இருக்கிறது: டிஸ்சார்ஜ் புக் கையில் வந்தால் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போகலாம் என்று. டி.ஏ.க்காரருக்கு அப்படிக் கிடையாது. பென்ஷன் வாங்கும் அளவு எம்பாடி சேவை, அல்லது படைப்பணியால் வந்த ஊனத்துக்கான பென்ஷன், அல்லது வீர விருது, இவற்றில் ஒன்று இருந்தால்தான் அந்தத் தகுதி. மூன்று வருடத்தில் சொந்தக் காரணத்துக்காக வெளியே வந்தவருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்துவிட்டுப் பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது வழி, சொல்லாமல் போவது. ரிட்டயர்டு ஹவில்தார் மாமா ஒருவர் பையன்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஏல, சொல்லாம கொள்ளாம போயிராத. ஒரு லெட்டர எழுதிக் குடுத்துட்டுப் போ." பயிற்சிக்கு வராமல் இருந்தால் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. எடுக்கலாம்தான். ஆனால் அப்படி வெளியேற்றப்பட்டால் காகிதத்தில் அந்தக் காரணம்தான் இருக்கும், நீங்கள் கேட்டு விலகியதாக இருக்காது. அதற்குள் எம்பாடி அழைப்பு வந்துவிட்டால் வராமல் இருப்பது சட்டப்படி குற்றம். அழைப்புக் கடிதம் பழைய விலாசத்துக்கு வந்து, வீட்டில் அம்மா வாங்கி வைத்துவிட்டு, பையன் ஷார்ஜாவில் இருந்தால் என்ன செய்வது? அதனால் டிஸ்சார்ஜ் கேட்கிறவரோ இல்லையோ, ஊர் மாறிய எல்லோரும் புது விலாசத்தையும் போன் நம்பரையும் யூனிட்டுக்கு எழுதிவிட வேண்டும்.

வெளிநாடு போகிறவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக. விசா நகல், வேலைக் கடிதம், குடும்ப நிலை எல்லாம் சேர்த்துக் கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள். கிட் ஜமா (கொடுத்த உடை, சாமான்களைத் திருப்பிக் கொடுப்பது), அடையாள அட்டை ஒப்படைப்பு, நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) இவற்றுக்காக ஒருமுறையாவது நேரில் போக வேண்டியிருக்கும் என்பதால் டிக்கெட் தேதியைக் கொஞ்சம் தள்ளியே போடச் சொல்லுங்கள். ஏஜென்ட் அவசரப்படுத்துவார், அது அவர் தொழில். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே விலகிவிட்டதாக ஆகாது. டிஸ்சார்ஜ் உத்தரவு கைக்கு வருமுன் அழைப்பு வந்தால், விசாவை ஒத்திப்போட்டுவிட்டு யூனிட்டுக்குத்தான் போக வேண்டும்.