முன்வரிசை டிக்கெட் கொடுத்த காசுக்குத் தகுமா? மூன்று இடங்களிலிருந்து கேட்ட பிறகு எழுதுகிறேன்

ஒரே பாடகரின் கச்சேரியை மூன்று வருடங்களில் மூன்று இடங்களிலிருந்து கேட்டிருக்கிறேன். முதல் முறை மைதானத்தின் உச்சி அடுக்கில், இருந்ததிலேயே மலிவான டிக்கெட். அடுத்த வருடம் மேடையை ஒட்டிய விஐபி பகுதி, முதல் டிக்கெட்டைப் போல ஏழு மடங்கு விலை. மூன்றாவது முறை நடுவில், சவுண்ட் மிக்ஸர் (குரலையும் வாத்தியங்களையும் கலந்து சத்தத்தைச் சரிசெய்கிற கருவி) வைத்திருக்கும் சின்ன மேடைக்குச் சற்றுப் பின்னால், விலையும் நடுத்தரம். பாடியவர் அவரேதான், பாட்டுகளும் ஏறக்குறைய அவையேதான், ஆனால் என் காதில் விழுந்தது மூன்று வேறு கச்சேரிகள். விற்பனை தொடங்கியதும் திரையில் நேரம் இறங்கிக்கொண்டே வரும்போது யாருக்கும் நிதானமாக யோசிக்க வாய்ப்பதில்லை, அதனால் நான் கண்டதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

விஐபியிலிருந்து தொடங்குகிறேன். பார்ப்பதற்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, இதை மனதாரச் சொல்கிறேன். கிட்டார் நரம்பில் விரல் வழுக்கிப் போவது தெரிந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் கண்ணை லேசாக உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் தாளத்தை மாற்றுவது தெரிந்தது. ஒரு மெதுவான பாட்டில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பாட விட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார், அந்த முகத்தை நான் பத்தடி தூரத்தில் பார்த்தேன். கொடுத்த காசில் பாதி அந்த ஒரு நிமிடத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

மீதிப் பாதிதான் வரவில்லை. காரணம் சத்தம்.

பெரிய கச்சேரிகளில் மேடையின் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்குகிற ஸ்பீக்கர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பெரும்பகுதி நம் தலைக்கு மேலாகத் தூரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துத்தான் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். மேடைக்கு நேர் கீழே நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் சரியாக விழாது என்பதால் மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் சிலவற்றை வைப்பார்கள். அவை பாடகரின் குரலை ஓரளவு கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அப்புறம் மேடையிலிருந்தே நேரடியாக வருகிற டிரம்ஸ் சத்தம், கிட்டார் ஆம்ப்ளிஃபயர் சத்தம், மேடைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் பேஸ் ஸ்பீக்கர்களின் அதிர்வு, எல்லாம் சேர்ந்து குரலை மூழ்கடிக்கும். எனக்கு அன்று நெஞ்செலும்பு அதிர்ந்தது, வரிகள் கேட்கவில்லை. நான் நின்றது இடது ஓரம் என்பதால் வலது பக்கம் வாசித்த கீபோர்டு இருந்ததா என்றே தெரியவில்லை. வரிகளுக்காகவே அந்தப் பாடகரை நேசிக்கிற ஒருவருக்கு இது சின்ன இழப்பு இல்லை.

இன்னொன்று காது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறையில் சராசரி சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பேஸ் ஸ்பீக்கருக்கு எதிரே நிற்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்று இரவு முழுவதும் காதில் ரீங்காரம் ஓயவில்லை. எந்த இடத்தில் நின்றாலும் இசை கேட்பவர்களுக்கென்றே செய்த இயர்பிளக் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண பஞ்சு அடைப்பான் மாதிரி பாட்டை மந்தமாக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும்.

விஐபி பொட்டலத்தில் சேர்த்துத் தந்த மற்றவை: கழுத்தில் மாட்டுகிற அட்டை, ஒரு போஸ்டர், ஒரு துணிப்பை, தனி நுழைவாயில். தனி நுழைவாயில் என்றுதான் டிக்கெட்டில் இருந்தது, போய்ப் பார்த்தால் எல்லா வரிசையும் ஒரே கதவில் வந்து முடிந்தது. அங்கே நின்றிருந்த பணியாளர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே சொல்லப்படவில்லை, பாவம், அவர்களைக் கோபித்து என்ன பயன். ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன், ஐந்து வாரம் கழித்து நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. டிக்கெட்டோடு பொருட்களையும் வசதிகளையும் கட்டி விற்றால் ஒவ்வொன்றையும் தனியாக விலை போட்டுப் பாருங்கள். அந்தப் போஸ்டரை வெளியே கடையில் நீங்கள் வாங்குவீர்களா? இல்லையென்றால் அதற்கு மதிப்பு பூஜ்யம்தான்.

உச்சி அடுக்குக்கு வருகிறேன். மலிவான டிக்கெட் என்று அதை ஒதுக்க மாட்டேன், ஆனால் குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். நீங்கள் மேடையிலிருந்து 120 மீட்டர் தள்ளி இருந்தால் பாடகரின் வாய் அசைந்து மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் குரல் வந்து சேரும். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் பெரிய திரையில் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி நேரமும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இதோடு எதிர்ப்பக்கத் தடுப்பில் மோதித் திரும்புகிற எதிரொலி வேறு. மைதானத்தின் நடுவில் கோபுரம் மாதிரி கூடுதல் ஸ்பீக்கர்கள் நிறுத்தியிருந்தால் நிலைமை நன்றாகவே மாறும். மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்தோடு ஒத்துப்போகிற மாதிரி அவற்றின் சத்தத்தைக் கணக்காகத் தாமதித்து விடுவார்கள். நான் போன அன்று அந்தக் கோபுரங்கள் இருந்தன, இருந்தும் என் அடுக்கு அவற்றுக்கும் மேலே. ஒன்று மட்டும் அங்கிருந்துதான் கிடைத்தது: ஒளியமைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். விஐபியில் நின்றபோது என் தலைக்கு மேலே என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது.

மூன்றாவது இடம்தான் நான் இனி எப்போதும் தேடப்போகிற இடம். மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் ஒலிப் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் குரலைக் கூட்டுவதும் டிரம்ஸைக் குறைப்பதும். அவருக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ நடுவாக இருந்தால் அவர் செய்ய நினைத்த கச்சேரியே உங்களுக்கும் கிடைக்கும். விஐபியில் தொலைத்த கீபோர்டை அங்கே கேட்டேன். ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் யாரோ மெல்லிய குரலில் கூடப் பாடுகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது, பதிவில் நூறு முறை கேட்ட பாட்டு அது. முகம் தெளிவாகத் தெரியவில்லை, உண்மைதான், திரையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இருக்கை வரைபடத்தில் மிக்ஸர் மேடையைப் பெரும்பாலும் நடுவில் ஒரு சின்னக் கட்டமாகக் காட்டியிருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள். ஆனால் அதை ஒட்டிப் பின்னால் எடுத்துவிடாதீர்கள், கூடாரமும் கம்பிகளும் மறைக்கும், இரண்டு மூன்று வரிசையாவது தள்ளி எடுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். அதிக விலை கொடுத்தால் நல்ல இடம் என்று நாம் நம்புவதே தவறாகிப் போகிற நேரங்கள் உண்டு. பிரிட்டனின் ஒயாசிஸ் ராக் குழு மீண்டும் சேர்ந்து நடத்திய கச்சேரிகளுக்கு 2024 ஆகஸ்டில் டிக்கெட் விற்றபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்கள் கடைசியில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான விலையைப் பார்த்தார்கள். நின்று பார்க்கும் டிக்கெட்டிலேயே இரண்டு விலை இருந்ததும் மலிவானது முதலில் தீர்ந்துவிடும் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் 2025 இல் கவலை தெரிவித்தது. பிளாட்டினம் என்ற பெயரில் சாதாரண டிக்கெட்டைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலைக்கு விற்ற டிக்கெட்டுகள் சிலவற்றில் கூடுதல் வசதி எதுவும் இல்லை, பெரும்பாலும் அதே பகுதி இருக்கைகள்தான் என்றும் சொன்னது. எனக்கு இதில் வருத்தம் அதிகம், ஏனென்றால் ஏமாறுவது யார் என்று பாருங்கள், அந்தக் குழுவுக்காகப் பதினைந்து வருடமாகக் காத்திருந்த ரசிகர்தான். ஆக, பெயரைப் பார்க்காதீர்கள். பிளாட்டினம், டைமண்ட், பிரீமியம், எதுவாக இருந்தாலும் எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த எண் என்று தெரிந்த பிறகு காசு கட்டுங்கள்.

கலைஞர்கள் நினைத்தால் கொஞ்சமாவது மாற்ற முடியும் என்பதும் தெரிகிறது. 2023 இல் தி கியூர் ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் டிக்கெட் விலையைக் குழு குறைவாக வைத்தும் அதன்மேல் ஏறிய சேவைக் கட்டணங்கள் சில இடங்களில் டிக்கெட் விலையையே தொட்டன. பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு டிக்கெட் விற்ற நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. நாம் செய்யக்கூடியது, கடைசிப் பக்கத்தில் எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருகிற தொகையை மட்டுமே விலையாக எடுத்துக்கொள்வது. முதல் பக்கத்தில் காட்டுவது விலை இல்லை.

மின்சாரம் இல்லாத இசைக்கு நான் மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது. சின்ன அரங்கம், மைக் இல்லாத வாத்தியங்கள், நல்ல மரச்சுவர் என்றால் முன்னால் உட்காருவதற்குக் கூடக் கொடுக்கலாம், வில் நரம்பில் உரசும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அங்கேயும் விலையும் இடமும் கைகோத்துப் போவதில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடையில் நடக்கிற ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய செவ்விசைக் கச்சேரிகளில் நின்று கேட்கிற மலிவான டிக்கெட்காரர்கள்தான் மேடைக்கு எதிரே மிக அருகில் நிற்கிறார்கள், இருக்கைக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால். வியன்னா அரசு ஓபராவில் கீழ்த்தளத்தில் நின்று பார்க்கிற மலிவான இடம் நடு மாடத்துக்கு நேர் கீழே, மேடைக்கு நேர் எதிரே. கால் வலிக்கத் தயாராக இருந்தால் போதும்.

புது மாதிரி அரங்கங்களில் கணக்கு இன்னும் மாறுகிறது. லாஸ் வேகாஸில் 2023 இல் திறந்த ஸ்பியர் என்ற உருண்டை வடிவ அரங்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களை வைத்து எந்த இருக்கைக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தில் ஒலியைக் கொண்டுசேர்க்க முயல்கிறார்கள். அங்கே தலைக்கு மேல் கவிந்திருக்கும் திரைதான் பாதிக் கச்சேரி, கீழ் அடுக்கின் பின்வரிசைகளுக்கு மேல்தளம் மறைத்துத் திரையின் பெரும்பகுதி தெரியாமல் போகும். தரைக்குப் பக்கமாக இருக்கிறதே என்று கூடக் கொடுத்து அங்கே எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படியென்றால் முன்வரிசை எப்போதுமே வீணா? இல்லை. வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு கலைஞர், இனி ஒருமுறை வருவாரா என்று தெரியாது, அவர் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருக்கிறவர் தாராளமாகக் கொடுங்கள், பாட்டைத்தான் பதிவில் கேட்டுவிடலாமே. கடன் வாங்கி மட்டும் வேண்டாம். தவிர, கச்சேரி நாள் நெருங்க நெருங்க இடம் விற்காமல் நின்றால் கடைசி நாட்களில் விலை இறங்குவதும் நடக்கும், தனியாகப் போகிறவருக்கு ஒற்றை இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். நான் இரண்டு முறை அப்படி எடுத்திருக்கிறேன். மறுவிற்பனையில் வாங்கினால் முதலில் டிக்கெட் விற்ற நிறுவனமே நடத்துகிற அதிகாரப்பூர்வ மறுவிற்பனையில் மட்டும் வாங்குங்கள், பார்கோடு படத்தை அனுப்புகிறேன் என்பவரை நம்ப வேண்டாம், ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் முதலில் வாசலுக்குப் போனவர்தான் உள்ளே போவார்.

அவர் அடுத்த முறை வருகிறபோது அம்மாவையும் கூட்டிப்போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நின்று பார்க்கிற பகுதி எவ்வளவு அருகில் இருந்தாலும் எங்களுக்கு ஆகாது. மிக்ஸருக்குப் பின்னால் நான்காவது வரிசை, நடைபாதை ஓரம், இரண்டு இருக்கை எடுத்தாகிவிட்டது. விஐபிக்கு ஆகியிருக்கும் காசில் மிஞ்சியதை வைத்து, அவருடன் கீபோர்டு வாசிப்பவர் அதே வாரம் ஒரு சின்ன அரங்கத்தில் தனியாக வாசிக்கும் நிகழ்ச்சிக்கும் இரண்டு டிக்கெட் எடுத்தேன், அது முதல் வரிசை.