சிங்காநல்லூர் சாந்தி கேண்டீனும், அப்பா நேரில் பார்க்காத முதலாளியும்

அப்பா முப்பத்தெட்டு வருஷம், கியருக்குப் பல் வெட்டுகிற ஹாப்பிங் மிஷின் முன்னால் நின்றவர். கோயமுத்தூரில் ஒரு சின்னப் பட்டறை. ஜாப் ஆர்டருக்கு கியர் பல் வெட்டிக் கொடுக்கும் வேலை. அதனால் எங்கே போனாலும் அவருக்கு அளவு பார்க்கிற பழக்கம். ஹோட்டலில் தட்டு வந்ததும் இட்லியைத் திருப்பிப் பார்ப்பார். பெட்ரோல் போட்டால் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அந்த மனுஷன் இதுவரை ஒரு குறையும் சொல்லாத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரில் இருக்கும் சாந்தி கேண்டீன்தான்.

போன வியாழக்கிழமை அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. கேண்டீனை நடத்துகிற சாந்தி சோசியல் சர்வீஸ் என்ற சேவை அமைப்பின் வளாகத்திலேயே லேப், டாக்டர், மருந்துக் கடை எல்லாம் இருப்பதால் மூன்று பேரும் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனோம். ரத்தம் கொடுத்து முடித்ததும் நேராக கேண்டீன். இதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

டோக்கன் வாங்கி, நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இரண்டு இட்லி, அப்பாவுக்குப் பொங்கல், எனக்கு இட்லியும் ஒரு வடையும், கடைசியில் மூன்று காபி. வெளியே ஒரு நடுத்தர ஹோட்டலில் ஆகிற பணத்தில் பாதிகூட ஆகவில்லை. விலை குறைந்த இடம் என்றாலே தட்டில் பிசுபிசுப்பு இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும் என்று நமக்குள் ஒரு எண்ணம் இருக்கிறதல்லவா, அது இங்கே எடுபடாது. தட்டு காய்ந்து பளிச்சென்று வருகிறது. பொங்கலில் மிளகு முழுசாகக் கிடக்கிறது. இட்லியை அப்பா வழக்கம்போல விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். அழுத்தின குழி மெதுவாக மேலே எழும்பி வந்தது. ஒன்றும் சொல்லாமல் அம்மா பக்கம் தட்டைத் தள்ளினார். அவர் கணக்கில் அது பாஸ்.

எதிர் வரிசையில் ஒரு ஐ.டி. பையன், கழுத்தில் அடையாள அட்டை. அவனுக்குப் பக்கத்தில் சித்தாள் வேலைக்குப் போகிற இரண்டு அம்மாக்கள், சிமெண்ட் படிந்த சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே சாம்பார். யார் காசு உள்ளவர், யார் இல்லாதவர் என்று அந்த வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் எதுவுமே இல்லாத வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் உண்டாக்கியவர் சுப்பிரமணியம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ‘சாந்தி கியர்ஸ்’ சுப்பிரமணியம் என்றால்தான் தெரியும். 1969இல் தொடங்கிய கம்பெனி அது. இதே திருச்சி ரோட்டில்தான் ஃபேக்டரி. கியர், கியர்பாக்ஸ் என்றால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். பட்டறையில் அப்பா வெட்டிய பல்லில் சின்னக் கீறல் இருந்தால்கூட ஓனர் ‘சாந்தியில இதை உள்ளேயே விடமாட்டாங்க’ என்பாராம். அந்தப் பேரைச் சொல்லித் திட்டு வாங்கியே வேலை கற்றுக்கொண்டேன் என்று அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1996இல், அதே பெயரில் சாந்தி சோசியல் சர்வீஸைத் தொடங்கினார் சுப்பிரமணியம். 2012இல் தன் தரப்புப் பங்குகளை முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுக்குக் கொடுத்தார், சுமார் 292 கோடி ரூபாய்க்கு. அவ்வளவு பணம் கைக்கு வந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று நாம் யூகிப்போமோ, அது நடக்கவில்லை. சிங்காநல்லூரில் இந்த வளாகம்தான் வளர்ந்தது.

கேண்டீனோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு குடும்பத்துக்கு எங்கெல்லாம் காசு கரையும் என்று உட்கார்ந்து யோசித்தவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தொடங்கியிருக்கிறார். டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து, கண்ணாடி, டயாலிசிஸ். கடைசியில் மயானம் வரைக்கும். வீட்டில் ஒருத்தர் போய்விட்ட நாளில்கூட செலவை நினைத்துக் கை பிசைய வேண்டாம் என்று யோசிக்கிற மனசு எல்லாருக்கும் வருமா?

அம்மாவுக்குச் சர்க்கரை வந்த முதல் வருஷம் நாங்கள் வேறொரு இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் பில் கூடிக்கொண்டே போனது. எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அப்பா அந்த பில்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். இங்கே மாறிய பிறகு, அதே பரிசோதனைக்கு வாங்கிய முதல் ரசீதை அந்தப் பழைய கட்டின் மேலே வைத்து இரண்டு தொகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இவர்களுடைய பெட்ரோல் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை ஏறினாலும் ஏற்கெனவே வாங்கி வைத்த சரக்கு தீரும்வரை பழைய விலைக்கே போட்ட பங்க் அது. ‘பழைய வெலைக்கு வாங்குனதைப் புது வெலைக்கு வித்தா அது யாரு காசு அம்மிணி?’ என்று அப்பா என்னிடம் கேட்டார். ஹாப்பிங் மிஷின்காரருக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

ஏன் எல்லாமே இலவசமாகக் கொடுக்கவில்லை என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அப்பா இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார். ‘ரெண்டு கியர் சேர்ற எடத்துல ஒரு மயிரிழை எடைவெளி வேணும். ஜாஸ்தியானா தடதடன்னு அடிக்கும். சுத்தமா இல்லீன்னா இறுகிப் புடிச்சுக்கும். வெலையும் அப்படித்தான். ஓசின்னு சொன்னா நான் இங்க வந்திருப்பனா? வெளியில விக்கிற வெலைன்னா உங்கம்மாவக் கூட்டிட்டு வந்திருப்பனா?’ இவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

சுப்பிரமணியத்தை அப்பா நேரில் பார்த்ததே இல்லை. ஒரே ரோட்டில் தினமும் சைக்கிளில் போய் வந்தவர்தான், இருந்தும் பார்த்ததில்லை. விளம்பரம் என்றால் விலகி நின்ற மனிதர் சுப்பிரமணியம். படம் வெளியே வந்ததே அபூர்வம். 2020 டிசம்பர் 11 அன்று அவர் இறந்த செய்தி வந்தது. ஊர் முழுக்கக் கொரோனா பயம். அப்பாவை வெளியே விடக்கூடாது என்று நான் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தேன். மறுநாள் பேப்பரில் படம் பார்த்தார். ‘இவருதானா’ என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அன்றைக்குக் காபி கேட்கவில்லை.

சுப்பிரமணியம் போன பிறகு இந்த இடம் என்னாகுமோ என்று எங்கள் தெருவில் எல்லாருமே பயந்தோம். இன்றைக்கும் நடக்கிறது. அதே சுத்தம், அதே கூட்டம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு: காலை டிபனுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள், நிதானமாகப் போங்கள். திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் என்று சொன்னால் கண்டக்டரே இறக்கிவிடுவார். பரிசோதனைக்கு வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து கதை பேசாமல் இடத்தை விடுங்கள், பின்னால் தட்டோடு ஒருத்தர் நிற்பார்.

நாங்கள் கிளம்பும்போது அப்பா தண்ணீர் குடித்த டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பு விளிம்போடு சேரும்படி சரிசெய்து, தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே ரிப்போர்ட் வாங்கப் போனாள்.