அல்சூர் ஞாயிறு வகுப்பு: சேரலாம், ஆதார் நகலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு

அக்கா மகள் பி.காம் இரண்டாம் வருடம். தினமும் கையில் இருக்கும் போனையும் ஆப்பையும் கேள்வி கேட்கக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் நடக்கிறது, நான்கு ஞாயிறு, 1,200 ரூபாய். பெயர் சொல்லப்போவதில்லை. அவளை விட்டுவிட்டு வெயிலில் காத்திருப்பானேன் என்று நானும் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாரம் லெக்சரே கிடையாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' என்று, ஆப்பும் வலைத்தளமும் நம்மை ஏமாற்றும் 13 வகைத் தில்லுமுல்லுகளைப் பட்டியலிட்டதே, அந்தத் தாளைக் கொடுத்து, நேற்று ராத்திரி எதில் வாங்கினீர்களோ அதையே திறந்து தேடுங்கள் என்றார்கள். சினிமா டிக்கெட்டோடு தானாக ஒட்டிக்கொண்ட நன்கொடையை இவள் பிடித்தாள். 'இன்னும் 4 நிமிடம்தான்' என்று ஓடிய கடிகாரம், மூடித் திறந்தால் மறுபடி நாலிலிருந்தே ஓடுவதை ஒரு பையன் காட்டினான்.

இரண்டாம் வாரத்து வீட்டுப்பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டுப் பெரியவருக்கு வந்த ஒரு ஃபார்வர்டை, 'பொய்' என்ற வார்த்தையே இல்லாமல், அவரோடு உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். என் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் அனுப்புவாரே, 'நாசா எடுத்த தீபாவளி ராத்திரி இந்தியா' என்ற படம், அதையே எடுத்தாள். "பாட்டி, ஒரே ராத்திரியில ஊருக்கு ஊர் எப்படி கலர் மாறும்?" தேடினால், அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா பல வருடச் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்து, எந்த ஊரில் எப்போது விளக்கு கூடியது என்று காட்ட நிறம் கொடுத்த படம் அது: 1992 நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அப்போ நம்ம ஊர்ப் பக்கம் எந்தக் கலர்?" என்றார். அரை மணி நேரம் போனது.

மூன்றாம் வாரம் சொதப்பல். ஏஐ பற்றி இரண்டு மணி நேரம் ஸ்லைடு, 'அது தப்பாகச் சொல்லும், நம்பாதீர்கள்' என்பதே திரும்பத் திரும்ப. யாரும் ஒரு கேள்வி போட்டுச் சோதிக்கவில்லை. நம்பாதே என்று சொல்வதற்கு 1,200 ரூபாய் எதற்கு, எங்கள் அப்பா சும்மாவே சொல்வார்.

கடைசி வாரம் தனியுரிமை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு, அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பது வரை நன்றாகவே போனது. அப்போது இவள் எழுந்து, "சார், சேரும்போது ஆதார் நகல் எதுக்கு வாங்கினீங்க?" என்றாள். சர்டிஃபிகேட்டுக்காம். சர்டிஃபிகேட்டில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அழித்துவிடச் சொல்லி இரண்டு முறை மெயில் போட்டோம், பதில் இல்லை.

இருந்தாலும் முதல் இரண்டு வாரத்துக்காகவே அனுப்பலாம். சேரும் ஃபாரத்தில் ஆதார் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஃபாரம் போகிறது, அடுத்த பேட்ச்சில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் போட்டுப் பார்த்துவிட்டாள்.