உமிழ்நீர்க் குழாயில் வந்த மனவடு அறிக்கை: ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவில் வாழும் என் தங்கை, உமிழ்நீரைத் தபாலில் அனுப்பிச் செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்றின், மனநல ஆபத்துகளையும் பட்டியலிட்ட அறிக்கையை, கிளிநொச்சியில் உளசமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு அனுப்பி, "அண்ணா, இது பிள்ளையளுக்கும் வருமோ?" என்று கேட்டிருந்தாள். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துச் சேவையை மட்டும் மதிப்பிடுகிறேன்.

பரிசோதனை முறையில் குறையில்லை. அரை மணித்தியாலம் தேநீர்கூடக் குடிக்காமலிருந்து, குழாயிலுள்ள கோடு வரை துப்பி, மூடி அனுப்பினால் போதும்.

சிக்கல் மனநலப் பக்கத்தில் இருக்கிறது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD; கொடுமைகளை அனுபவித்த பின் வருவது), மனச்சோர்வு, நித்திரையின்மை ஆகியவற்றுக்கு மூன்று சிவப்புப் பட்டைகளைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று ஆபத்துகள் ஒன்றாக வந்து சேர்ந்தன என்றெண்ணித் தங்கை அழுதிருக்கிறாள். உண்மையில், மனவடு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் பின்னாலுள்ள மரபணுத் தாக்கம் பெருமளவு பொதுவானது. நித்திரையின்மையும் நாட்பட்ட வலியும்கூட அதில் பங்குகொள்கின்றன. ஒரே கடனை மூன்று கொப்பிகளில் எழுதிவைத்த கடைக்காரரின் கணக்குத்தான் இது. (நித்திரை குழம்புவது இரு நோய்களின் வினாக்கொத்துகளிலும் இருப்பதால், அந்தப் பொதுமையில் ஒரு பகுதி அங்கிருந்தும் வந்திருக்கலாம்.)

2024இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு, மனவடு நோயோடு தொடர்புடைய 95 மரபணு இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது, அவை கண்டறியப்பட்டதோ ஐரோப்பிய வழிவந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளில். அந்த அளவுகோலை வன்னிப் பெண்ணொருத்தியின் உமிழ்நீரில் வைக்கும்போது தரவேண்டிய எச்சரிக்கை, 31ஆம் பக்கத்தின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டையரைக் கொண்டு 1993இல் வெளியான ஆய்விலேயே, அறிகுறிகளில் கண்ட வேறுபாட்டில் அதிகபட்சம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் மரபுக்குச் சேர்ந்தது. அனுபவித்த கொடுமைகள் கூடக்கூட நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது என்பது பல போர்களில் கண்ட உண்மை. நிறுவனத்தின் படிவமோ அவள் புகைப்பாளா என்று கேட்டது. 2009இல் எங்கே இருந்தாள் என்று கேட்கவில்லை. அவள் முள்ளிவாய்க்காலில், பங்கருக்குள் இருந்தாள்.

வம்சாவளிப் பகுதிக்காக வாங்குபவர்கள் வாங்கலாம். மனநலப் பக்கத்துக்காக ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தங்கைக்கு, பிள்ளைகளுக்கு இறங்கக்கூடியது நோயல்ல, அதற்கு ஆளாகும் தன்மையில் ஒரு சிறு பங்கு மட்டுமே என்றும், அவளுடைய கெட்ட கனவுகளுக்குச் சிகிச்சை உண்டு, குடும்ப வைத்தியரிடம் சொல் என்றும் எழுதினேன். பிள்ளைகளுக்கென வாங்கிவைத்த இரண்டு குழாய்களையும் பொதி பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். ஒன்றுக்கு மட்டும் பணம் திரும்பி வந்திருக்கிறது.