கணக்கியல் படிக்க: ஆறாம் படிவமா, நேராக ஏசிசிஏ-வா?

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பினாங்கில் சொந்தக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்து அரசாங்கப் பல்கலைக்கழகம் போவதா, தனியார் கல்லூரியில் சேர்ந்து நேராக ஏசிசிஏ என்கிற பிரிட்டிஷ் கணக்காளர் தகுதித் தேர்வுகளை எழுதுவதா? நான் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதி, சிந்தோக்கில் யுயுஎம் என்கிற அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திச் செலவுக் கணக்கு பார்க்கிறேன். ஆகவே என் சாய்வு தெரிந்ததுதான்.

சீக்கிரம் வேலைக்குப் போக ஏசிசிஏ நல்லது. கல்விக் கட்டணத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகம் மலிவு. இவை எல்லாருக்கும் தெரியும்.

பலர் விசாரிக்க மறப்பது, சேர்ந்த பிறகு தொடர்ந்து ஆகும் செலவை. ஏசிசிஏ மொத்தம் 13 தாள்கள்; முன்பு படித்ததை வைத்துச் சில தாள்களுக்கு விலக்கு கிடைத்தால் குறையும். மேல்நிலைத் தாள்களுக்குக் கட்டணம் பவுண்டில். நம் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு இறங்கினால் நம் செலவு ஏறும். தோற்றால் அதே தாளுக்கு மறுபடி கட்ட வேண்டும். மாணவராக இருக்கும்போதே ஆண்டுச் சந்தா உண்டு. எல்லாத் தாளும் தேறிய பிறகும் அது நிற்காது. கடைசி நிலைத் தாள்களை 7 ஆண்டுக்குள் முடிக்கவும் வேண்டும். ஒன்பது தாளோடு நின்றவருக்கு மேல்நிலை டிப்ளோமா கிடைக்கும், ஆனால் பட்டம் கேட்கிற வேலைக்கு அது போதுமா என்பது அந்தந்த முதலாளியைப் பொறுத்தது. கோலாலம்பூரில் இருக்கும் என் சித்தி மகன் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறான். ஆடிட் வேலை குவிகிற மாதங்களில் புத்தகத்தைத் திறக்கவே முடியாது என்பான்.

பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி, மலேசியாவில் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள எம்ஐஏ என்கிற மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பல்கலைக்கழகக் கணக்கியல் பட்டமும், 3 ஆண்டு பொருத்தமான அனுபவமும் இருந்தால் வேறு தேர்வு இல்லாமல் உள்ளே போகலாம். மலாயாப் பல்கலைக்கழகமும் யுயுஎம்-உம் அந்தப் பட்டியலில் உண்டு. எம்ஐஏ-வுக்கும் ஆண்டுக் கட்டணம் இருக்கிறது, சரி, ஆனால் அது வெள்ளியில்.

ஏசிசிஏ ஆசை விடவில்லையா? பட்டத்தோடு வந்தால் பாடத்திட்டத்தைப் பொறுத்து 9 தாள் வரை விலக்கு கிடைக்கும். மீதிக் கட்டணத்தைக் கொடுத்து, தேர்வு விடுப்பும் தருகிற ஆடிட் நிறுவனங்கள் உண்டு. அப்பா பையிலிருந்து போக வேண்டியது முதலாளி பையிலிருந்து போகும். எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது.

அப்படியென்றால் ஏசிசிஏ யாருக்கு? பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கு, ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயங்காதவர்களுக்கு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் வேலை தேட நினைப்பவர்களுக்கு. போனவர்கள் அந்தத் தகுதி உதவியது என்கிறார்கள். நான் இங்கேயே இருப்பவன், கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், தனியார் கல்லூரியில் பட்டப்படிப்பு என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டம் முதல் அட்டவணையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எம்ஐஏ-வின் தகுதித் தேர்வையோ ஏசிசிஏ போன்ற ஒன்றையோ பட்டத்துக்குப் பிறகு எழுத வேண்டியிருக்கும்.