வீட்டில் கட்டிய எல்.ஈ.டி. செடி விளக்கு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் குறிப்பு

ஆயத்தமாகக் கிடைக்கும் செடி வளர்ப்பு விளக்கை வாங்காமல், எல்.ஈ.டி. பட்டைகளையும், வீட்டு மின்சாரத்தை அவற்றுக்கேற்ப மாற்றித் தரும் டிரைவரையும் தனித்தனியே வாங்கி நானே கட்டிய விளக்கு ஒன்று, வெயில் எட்டாத உள்ளறையில் சில ஆண்டுகளாக நாள்தோறும் எரிந்துகொண்டிருக்கிறது. புதிதாகக் கட்டிய விளக்கைப் பற்றி எழுதுபவர்கள் பலர் உண்டு. அந்த விளக்கு இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிய பின் எங்கே தளர்கிறது, நாம் அஞ்சியபடி கெடாமல் நிலைத்திருப்பது எது என்று எழுதுபவர்கள் குறைவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தகைய விளக்கில் ஒளி தரும் டயோடுகள்தாம் கடைசியாகக் கெடுகின்றன; டிரைவர், வயர் இணைப்புகள், டைமர் ஆகிய மூன்றுமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆனால் வாங்கும்போது நாம் டயோடுகளைப் பற்றி மட்டுமே அலசுகிறோம்.

விளக்கின் அமைப்பு எளியது. அறுபது சென்டிமீட்டர் நீள அகலமுள்ள அலமாரித் தட்டு ஒன்றுக்கு மேலே, 56 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு வெள்ளை எல்.ஈ.டி. பட்டைகள், ஒன்றுக்கொன்று பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், அலுமினியச் சட்டங்களின் மீது திருகப்பட்டுள்ளன. ஒவ்வொரு பட்டையும் 700 மில்லியாம்பியர் மின்னோட்டத்தில் ஏறத்தாழ 20 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. நான்கையும் தொடர் இணைப்பில் கோத்திருப்பதால் மொத்தம் 80 வோல்ட், அதாவது 56 வாட். இதற்கு 50 முதல் 100 வோல்ட் வரை கொடுக்கக்கூடிய, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் வகை டிரைவர் தேவை. அலங்காரத்துக்கு ஒட்டும் 12 வோல்ட் சுருள் பட்டைகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது சிறு ரெசிஸ்டர்கள் என்பதால், நாம் காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தின் ஒரு பங்கு அவற்றிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது.

தொடர் இணைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பக்க இணைப்பில் ஒரு பட்டையின் வயர் கழன்றாலும் டிரைவர் தன் முழு மின்னோட்டத்தையும் மீதிப் பட்டைகளுக்குள் திணிக்கும். அவை அளவுக்கு மீறிச் சூடாவது வெளியே தெரியாது. தொடர் இணைப்பிலோ ஓர் இணைப்பு விட்டுப்போனால் விளக்கு முழுவதுமே அணைந்துவிடும். பழுது தன்னைத் தானே அறிவித்துவிடுவது நெடுநாள் பயன்பாட்டில் பெரிய வசதி. அதற்கு நாம் கொடுக்கும் விலை, 80 வோல்ட் நேர் மின்னோட்டம். அது கையால் தொட்டுப் பார்க்கத்தக்க அளவன்று. ஈரக் கையோடு செடிகளுக்கிடையே புழங்கும் இடம் என்பதால், பட்டைகளின் முனைகள் திறந்திருக்கவே கூடாது. அலுமினியச் சட்டத்துக்கு எர்த் வயர் கட்டாயம் போக வேண்டும். டிரைவர் செடிக்கும் தண்ணீருக்கும் மேலே, தனியே இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது மின்பணியாளர் ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஊதா நிறத்தில் எரியும் விளக்குகளைத் தவிர்த்து வெள்ளையைத் தேர்ந்தது ஏன் என்று இன்றும் கேட்கிறார்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விரும்பி உறிஞ்சுகிறது என்பது உண்மையே. ஆனால் அது சோதனைக் குழாயில் பிரித்தெடுத்த பச்சையத்தின் கணக்கு. முழு இலை பச்சை ஒளியையும் கணிசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதை மெக்கிரி என்ற ஆய்வாளர் 1972-இல் பல பயிர்களின் இலைகளை அளந்து காட்டிவிட்டார். மேலடுக்கு இலைகள் சிவப்பையும் நீலத்தையும் வாங்கிக்கொள்ள, பச்சை ஒளி அவற்றை ஊடுருவிக் கீழே வரை செல்கிறது. வெள்ளை எல்.ஈ.டி. என்பதே நீல டயோடின் மீது பாஸ்பர் பூச்சு தடவியதுதான். நீல டயோடை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பூச்சின் வழியே நீலத்தின் ஒரு பங்கு பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி வருவதால், செடிக்கு வேண்டியவை எல்லாம் ஓரளவு அதில் இருக்கின்றன. என் பட்டைகள் 3500 கெல்வின் (வெள்ளை ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு). நாற்றுக்கும் பூப்பதற்கும் இடைப்பட்ட ஒரு சமரசம். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயன்பட்ட காரணம் வேறு: வெள்ளை ஒளியில் இலை இலையாகத் தெரிகிறது. அடியிலைகள் வெளிறத் தொடங்குவதையும், நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்வதையும், இலையின் அடிப்பக்கம் அசுவினி ஒட்டியிருப்பதையும் ஊதா ஒளியில் காணவே முடியாது.

அடுத்தது அளவு. செடிக்கு வேண்டியது வாட்டும் அல்ல, லூமனும் அல்ல. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குட்பட்ட ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (அவற்றை எண்ணும் அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) விழுகின்றன என்பதே. அதை நேராக அளக்கும் கருவி விலை கூடியது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு: லக்ஸ் மீட்டர் காட்டும் எண்ணை ஏறத்தாழ 65-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு கைக்கு வந்துவிடும். துல்லியம் போதாது என்பார்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது தாராளமாகப் போதும். என் தட்டில் முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சராசரியாக 21,000 லக்ஸ் விழுகிறது. அதாவது 320 மைக்ரோமோலுக்குச் சற்று மேல். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்பதோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தோன்றும். ஆனால் விளக்குக்கு மேகம் இல்லை, மாலை இல்லை. நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் சதுர மீட்டருக்கு 18 மோலுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. இலைக் கீரைகளுக்கு 10 முதல் 15 மோல் போதும். மிளகாய், தக்காளி போன்றவை இருபதும் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே இந்த விளக்கு கீரைக்கு மிகை, மிளகாய்க்குச் சற்றுப் பற்றாக்குறை என்பதே நேர்மையான மதிப்பீடு.

இந்த எண்களைத் தேடும் எவரும் எதிர்கொள்ளும் ஒரு குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் கட்டும் செடி விளக்குகளைப் பற்றிய நடைமுறை அறிவில் பெரும்பங்கு, மூடிய அறைக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது. அதை வளர்ப்பது பல நாடுகளில் கடும் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது ஒளியை வாங்கித் தீர்க்கும் செடி என்பதால் அங்கே பேசப்படும் 600, 800 மைக்ரோமோல் அளவுகளும் அவற்றுக்கேற்ற வாட் கணக்குகளும் கீரைத் தட்டுக்குப் பொருந்தா. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு கட்டப்படும் விளக்கின் கீழ் லெட்டூஸ் நுனி கருகும், மின்கட்டணமும் ஏறும்.

செடிகளின் பக்கம் வருகிறேன். லெட்டூஸும் புதினாவும் டிரைவரில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைத்து அறுபது விழுக்காட்டில் வைத்தபோதே செழித்தன. அதற்கு மேல் ஏற்றுவதால் இலை தடித்ததே தவிர எடை அவ்வளவாகக் கூடவில்லை. தண்டுக்கீரை வேறு வகை. அது மக்காச்சோளத்தைப் போல ஒளியை மிகுதியாகப் பயன்படுத்தக்கூடிய செடி என்பதால், முழு ஒளியிலும் திணறாமல் வாங்கிக்கொண்டது. மிளகாய் நாற்றுகளில்தான் விளக்கின் பலன் வெளிப்படையாகத் தெரிந்தது. சன்னலோரத்தில் ஒல்லியாக நீண்டு சாயும் நாற்று, இதன் கீழ் கணுக்கள் நெருங்கி, தண்டு பென்சில் பருமனுக்குத் தடித்து நின்றது. ஒளி அதிகமாகும்போது மிளகாய் அதைத் தானே தெரிவித்துவிடும்: உச்சியிலுள்ள இளம் இலைகளின் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிந்து, நடுநரம்பு பள்ளமாகத் தெரியும். அப்போது விளக்கை ஒரு கை உயர்த்தினால் இரண்டொரு நாளில் இலை விரிந்துவிடுகிறது. பூத்த பின் உள்ளறையில் காற்று இல்லாததால் செடியை அவ்வப்போது மெல்லத் தட்டிவிட வேண்டும். இல்லையேல் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அதற்கு எந்த விளக்கும் மருந்தாகாது.

இனி நெடுநாள் பயன்பாடு காட்டியவை. டயோடுகளின் ஒளி எழுபது விழுக்காடாகக் குறைவதற்கு 50,000 மணி நேரம் என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். நாளுக்கு 16 மணி நேரம் என்றால் அது எட்டரை ஆண்டு. தட்டின் நடுவில் ஒரே இடத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து நான் எடுத்துவரும் அளவுகளில் சரிவு இருந்தது உண்மை. ஆனால் பட்டைகளின் மேல் படிந்திருந்த மெல்லிய தூசுப் படலத்தை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உலர்ந்த மென்துணியால் துடைத்தபோது அந்தச் சரிவின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அந்தத் தூசு உப்புப் படிவோடு சேர்ந்து பிடித்துக்கொள்கிறது என்பதால், துடைப்பதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

பட்டைகளைச் சட்டத்தோடு பிணைப்பதற்கு வெப்பம் கடத்தும் இருபக்க ஒட்டுநாடாவே போதும் என்று சிலர் சொல்வார்கள். நாள்தோறும் சூடேறுவதும் ஆறுவதுமாக இருக்கும் அலுமினியத்தின் மேல் அந்த நாடா நெடுநாள் நிற்பதில்லை. என் விளக்கில் ஒரு பட்டையை மட்டும் ஒப்பீட்டுக்காக அப்படி ஒட்டியிருந்தேன். ஓராண்டு கடந்ததும் அதன் நடுப்பகுதி சட்டத்தை விட்டு நகக்கண் நுழையும் அளவுக்கு எழும்பிவிட்டது, அந்த இடம் மற்ற பகுதிகளைவிடத் தெளிவாகச் சூடாகவும் இருந்தது. மற்ற மூன்றும் சிறு திருகுகளிலும் கொஞ்சம் தெர்மல் பேஸ்டிலும் (வெப்பம் கடத்தும் பசை) அசையாமல் நிற்கின்றன. இந்த அளவு வாட்டுக்கு மின்விசிறியோ வெப்பத்தை வெளியேற்றும் கனத்த ஹீட் சிங்கோ தேவையில்லை, திருகு முக்கியம்.

வயர்களை அழுத்திச் செருகும் சிறு கனெக்டர்கள் பட்டைகளிலேயே வருகின்றன. அவை வசதியானவைதாம், ஆனால் அவற்றில் ஒன்றைச் சுற்றியுள்ள வெள்ளைப் பூச்சு மெல்லப் பழுப்பேறியது. உள்ளே வயர் தளர்ந்து, தொடுமுனை சூடாகிக்கொண்டிருந்ததற்கு அது அடையாளம். பல இழைகள் கொண்ட வயரை விட ஒற்றைக் கம்பி வயர் இந்தக் கனெக்டர்களில் இறுகப் பிடிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பது, ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு இணையான பாதுகாப்பைத் தருகிறது என்பது என் கருத்து.

டிரைவரைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு. முதலில் மாட்டியிருந்தது, அட்டையில் எழுதியிருந்த அளவுகள் எல்லாம் சரியாக இருந்த, பெயர் பெறாத ஒரு தயாரிப்பு. இரண்டாம் கோடையில் விளக்கு மாலை நேரங்களில் துடிக்கத் தொடங்கியது. பின் எரிய மறுத்தது. மூடியைத் திறந்தபோது மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் ஓர் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலை உப்பிப் பிளந்திருந்தது. எத்தனை விலை உயர்ந்த டயோடானாலும் அதன் விதி இந்தச் சிறு உருளையின் கையில் இருக்கிறது. இத்தகைய கெப்பாசிட்டரின் வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் பழகிய கணக்கு. ஆகவே இப்போதைய டிரைவர் உலோக உறையுள்ளது, அலமாரிக்கு வெளியே, சுவரோடு ஒட்டாமல் தொங்குகிறது. மேலும் அதன் முழுத் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் கேட்பதில்லை. குறைந்த மின்னோட்டத்தில் டயோடுகளும் வாட்டுக்குக் கூடுதல் ஒளி தருகின்றன என்பதால், நான்கு பட்டைகளை முழுவேகத்தில் ஓட்டுவதைவிட ஐந்தை நிதானமாக ஓட்டுவது எல்லா வகையிலும் மேல். ஆரம்பச் செலவு மட்டும் சற்றுக் கூடும்.

மின்சாரக் கணக்கு சிக்கலில்லாதது. டிரைவரின் இழப்பையும் சேர்த்து 62 வாட். 16 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். மாதம் முப்பது யூனிட் என்பது, அதில் விளையும் கீரையை எடை போட்டுப் பார்த்தால் லாபமாகாது. நாற்று வளர்க்கவும், வெயிலில்லா மாதங்களில் செடிகளைக் காப்பாற்றவும் என்றால் அது வேறு கணக்கு.

டைமரைப் பற்றி எவரும் எச்சரிப்பதில்லை. விளக்கின் ஓட்டத்தில் மின்னோட்டம் சிறிதுதான். ஆனால் டிரைவர் உயிர்பெறும் அந்தக் கணத்தில் அதன் கெப்பாசிட்டர்கள் நிரம்புவதற்காகப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பிளக்கில் செருகும் சிறிய டைமரின் உள்ளிருக்கும் ரிலே என்னும் மின்சுவிட்சின் முனைகள் நாளுக்கொரு முறை அந்த அடியை வாங்கி, ஒருநாள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிடும். பிறகு டைமர் டக்கென்று சத்தம் கொடுக்கும், விளக்கு மட்டும் அணையாது. எனக்கு அது தெரியவந்தது தக்காளி இலைகளில் நரம்புகளுக்கிடையே வந்த வெளிறலைப் பார்த்துத்தான். இருளே இல்லாத தொடர் ஒளியைத் தக்காளி பொறுப்பதில்லை. இப்போது டைமர் ஒரு சிறு கான்டாக்டரை (பெரிய சுமையைத் தாங்கும் மின்சுவிட்ச்) மட்டும் இயக்குகிறது, டிரைவரின் சுமை அந்தக் கான்டாக்டரின் தடித்த முனைகள் வழியே போகிறது. அடுத்துச் செய்ய இருப்பது ஐந்தாவது பட்டை. தொடரில் அதையும் கோத்தால் முழு மின்னோட்டத்தில் 100 வோல்ட் விளிம்பைத் தொட்டுவிடும் என்பதால், இன்னும் சற்று உயர்ந்த வோல்ட் எல்லையுள்ள டிரைவருக்கு மாற வேண்டியிருக்கிறது. மிளகாய்ச் செடிகள் பூக்கத் தொடங்கும் முன் அதை முடித்துவிட எண்ணியிருக்கிறேன்.